எனக்கு ட்ராக் எப்போது?

எங்கள் வீட்டில் நான்கு பேர். அம்மா, மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த நான்கு பேரையும் ஒரே டிபனுக்குச் சம்மதிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை. ஒருத்தருக்குப் பொங்கல் என்றால் இன்னொருத்தருக்கு நெஞ்சு கரிக்கும். நான் என்ன கேட்டேன் என்பது பேச்சின் நடுவே எங்கேயோ விழுந்து, குனிந்து எடுப்பார் இல்லாமல் கிடக்கும். இப்படிப்பட்ட குடும்பத் தலைவன், இருபது இருபத்தைந்து பேரை ஒரே கூரைக்குக் கீழே வைத்து, வாரத்துக்கு ஆறு நாள் வீதம் நாலைந்து வருஷம் நடத்திக்காட்டும் சீரியல் இயக்குநர்களைக் கும்பிடாமல் வேறு என்ன செய்வான்?

கும்பிட வேண்டுமானால் முதலில் பார்க்க வேண்டுமே என்பீர்கள். நான் பார்ப்பதில்லை. சீரியல் ஓடும் ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். காலையிலேயே படித்து முடித்த பேப்பர்தான். மாலையில் இன்னொரு தரம் படித்தால் நாட்டு நடப்பு மனதில் நன்றாகப் பதியும் என்பது என் கொள்கை. "இன்னிக்கு என்ன ஆச்சுப்பா?" என்று மகள் கல்லூரியிலிருந்து வந்ததும் கேட்பாள். "எனக்கென்ன தெரியும்? மூத்த மருமக பெட்டியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டா. வாசப்படியில வெச்சு தொடரும் போட்டுட்டான்" என்று பேப்பரை விலக்காமலே சொல்லிவிடுவேன்.

இந்தப் பேப்பர் படிப்பில் நான் தெரிந்துகொண்ட முதல் சங்கதி, ஒரு பெரிய குடும்பத்தைத் திரையில் கட்டி மேய்க்க வேண்டுமானால் முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும் என்பதுதான். இதில் இன்றுவரை மிஞ்ச ஆளில்லாதது 'மெட்டி ஒலி'. திருமுருகன் இயக்கத்தில் 2002 முதல் 2005 வரை சன் டிவியில் 800 எபிசோடுக்கு மேல் ஓடியது. டெல்லி குமார் நடித்த சிதம்பரம் என்கிற அப்பா. தனம், சரோ, லீலா, விஜி, பவானி என்று ஐந்து பெண்கள். என் கல்யாண நாள் எந்த மாசம் என்று கேட்டால் உத்தரத்தைப் பார்த்து யோசிக்கும் என் அம்மா, இந்த ஐந்து பேரையும் வயது வாரியாக, மாப்பிள்ளைகளின் பெயரோடு, மாமியார்களின் குணவிசேஷத்தோடு இன்றைக்கும் ஒப்பிப்பாள். 2020 ஊரடங்கில் அது மறுஒளிபரப்பானபோது, அடுத்த சீனில் யார் அழப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, அவர்களுக்கு முன்னால் தானே அழுது முடித்தாள்.

கேட்பதற்கு இது ஒரு குடும்பத்தின் கதை. புரொடக்‌ஷன் மேனேஜர் கணக்கில் ஆறு வீடு. ஒவ்வொரு பெண்ணுக்கும் கல்யாணம் ஆக ஆக, மாமனார், மாமியார், நாத்தனார், கொழுந்தன் சகிதம் ஒரு புது வீடு முளைக்கிறது. அந்த வீட்டு ஆட்கள் இந்த வீட்டு ஆட்களோடு தினமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை. ஒருத்தி வீட்டில் சண்டை நடக்கிற வாரம், இன்னொருத்தி வீட்டு ஆட்கள் நிம்மதியாக வேறு பிழைப்பைப் பார்க்கலாம். எல்லா வீட்டுக் கண்ணீரும் கடைசியில் அப்பாவிடம் வந்து சேருவதால், இது ஒரே கதைதான் என்கிற நினைப்பும் நமக்குக் கலையாது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்புவது என்கிற ஏற்பாட்டையே ஏதோ ஒரு திரைக்கதை ஆசிரியர்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அதில் போஸ் என்கிற பாத்திரத்தில் நடித்த வெங்கட், இன்றைக்கும் போஸ் வெங்கட்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவராக வந்தவருக்குப் பாத்திரத்தின் பெயரே முதற்பெயராக ஒட்டிக்கொண்டதென்றால், பங்கீடு எவ்வளவு நேர்மையாக நடந்திருக்க வேண்டும்! நான் இத்தனை காலமாகக் குடியிருக்கும் தெருவில் எனக்கு இன்னும் 'மாடி வீட்டு அங்கிள்' என்றுதான் பெயர். கீழ்வீட்டுக்காரர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அதுவும் நிலைக்குமா என்று தெரியாது.

இதே திருமுருகன் பிறகு காரைக்குடியில் வைத்து 'நாதஸ்வரம்' எடுத்தார். 2014-இல் அதன் 1000-வது எபிசோடை நேரடியாக ஒளிபரப்பினார்கள். 23 நிமிடத்துக்கு மேல் ஒரே ஷாட். கின்னஸ் சாதனைப் பதிவு. வசனம் மறந்தால் இன்னொரு டேக் கிடையாது, தும்மல் வந்தால் விழுங்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் நான்கு பேரும் கண்ணைத் திறந்திருக்கும் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. மூன்று பேர் திறந்திருக்கும் எல்லாப் போட்டோவிலும் மூடிக்கொண்டிருப்பவன் நான்.

சரி, வீட்டைப் பிரிக்காமல், எல்லாரையும் ஒன்றாகவே வைத்துக்கொண்டு கதை சொல்ல முடியாதா? முடியும். அதற்குத்தான் ட்ராக் என்று ஒன்று இருக்கிறது. சீரியல் எழுதுகிறவர்களின் பேச்சு. இப்போது எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான். "இந்த வாரம் அவ ட்ராக் ஓடுது. இவளுக்கு அடுத்த வாரம்" என்று மனைவி காய்கறி நறுக்கிக்கொண்டே சொல்வாள், ரயில்வே கால அட்டவணையைப் பார்த்தது மாதிரி அவ்வளவு நிச்சயமாக.

கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எல்லா இலைக்கும் ஒரே நேரத்தில் பாயசம் போக முடியாது. ஆனால் எந்த இலையும் ரொம்ப நேரம் காலியாக இருக்கவும் கூடாது. ட்ராக் வித்தை முழுக்க அவ்வளவுதான். ஒரு ஜோடிக்குப் பெரிய விவகாரம் ஓடும்போது இன்னொரு ஜோடிக்குச் சின்ன மனஸ்தாபம், மூன்றாவது ஜோடிக்குச் சிரிப்பு. பெரிய விவகாரம் தீர்ந்த கையோடு சின்ன மனஸ்தாபத்தை ஊதிப் பெரிதாக்கிவிடுவார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மனஸ்தாபம் வந்துவிடும். அழுது ஓய்ந்தவர்கள் சிரிக்கப் போவார்கள். சனிக்கிழமை யாராவது ஒருவர் கதவைத் திறந்து அதிர்ச்சி அடைவார். கதவுக்குப் பின்னால் யார் என்பது திங்கட்கிழமை. வியாழக்கிழமை டிஆர்பி என்கிற பார்வையாளர் கணக்கு வரும். எந்த ஜோடியின் ட்ராக்கில் எண்ணிக்கை இறங்கியதோ, அந்த ஜோடி சீக்கிரமே சமாதானமாகிவிடும். புருஷன் பெண்டாட்டிக்குள் இத்தனை சீக்கிரம் சமாதானம் ஏற்பட வேறு வழி இருப்பதாக என் அனுபவத்தில் தெரியவில்லை.

இதற்குமேல் கால்ஷீட் என்று ஒரு தெய்வம் இருக்கிறது. நடிகர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம். பலர் ஒரே சமயத்தில் இரண்டு சீரியல் செய்வார்கள். இந்த மாதத்தில் இவர் இத்தனை நாள்தான் கிடைப்பார் என்று தெரிந்த பிறகுதான், அவருக்கு மாரடைப்பு வருமா, மூட்டுவலி வருமா என்பதே முடிவாகும். மாரடைப்பு என்றால் ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருக்க வேண்டுமே! அதற்கும் கால்ஷீட் வேண்டும். ஆக, கால்ஷீட் இல்லாதவர் கோயிலுக்குப் போய்விடுவார்.

"அண்ணி எங்கே?"

"திருச்செந்தூர் போயிருக்காங்க. ஒரு வேண்டுதல்."

திரையில் இப்படி ஒரு வசனம் வந்ததும், குடும்பத்துக்காக எவ்வளவு வேண்டிக்கொள்கிறாள் பாவம் என்று நான் உருகுவேன். "அவளுக்கு வேற சீரியல்ல ஷூட்டிங்" என்பாள் மனைவி. அவள் சொன்னது சரிதானா என்று மகள் செல்போனில் தேடிப் பார்ப்பாள். சரியாகத்தான் இருக்கும். இந்தப் புலனாய்வுத் திறமையை வீட்டில் வைத்துக்கொண்டு, "ஆபீஸ்ல மீட்டிங், லேட்டாகும்" என்று நான் போன் செய்வது எவ்வளவு பெரிய மடத்தனம் என்பதை உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

எல்லாரும் வந்தே தீர வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அதுதான் ஹால் சீன். குடும்பத்தில் ஒருவர் ஏதோ தப்பு செய்திருப்பார். மற்ற அத்தனை பேரும் சோபாவைச் சுற்றி அரைவட்டமாக நிற்பார்கள். ஒரு குடும்பத்தில் இத்தனை பேர் எப்படி ஒரே நேரத்தில் வேலை வெட்டி இல்லாமல் இருக்கிறார்கள் என்று கேட்கக் கூடாது. "நான்தான் எடுத்தேன்" என்று ஒருவர் சொன்னதும், கேமரா ஒவ்வொரு முகமாகப் போகும். அப்பா, அம்மா, மூத்தவன், மூத்தவன் மனைவி, அடுத்தவன், அடுத்தவன் மனைவி, அத்தை, வேலைக்காரப் பெண், மறுபடியும் அப்பா. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடி. கேலி செய்பவர்கள் இதை இழுவை என்பார்கள். பேப்பர் படிக்கும் எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. இரண்டு வாரமாக ட்ராக் இல்லாத அத்தைக்கு, நான் இன்னும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறேன் என்று தலைகாட்ட வேறு என்ன வழி? அந்த ஒரு க்ளோசப்பை நம்பித்தானே அவர் அன்றைக்குக் கண்ணுக்கு மை தீட்டி வந்திருக்கிறார்.

எடுப்பதும் அப்படித்தான். ஒரு பக்கம் லைட் வைத்து, அந்தப் பக்கம் பார்த்து நிற்கும் முகங்களையெல்லாம் வரிசையாக எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் கேமராவைத் திருப்புவார்கள். அதிர்ச்சி அடைகிறவர் எதைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தாரோ, அதைச் சொன்னவர் அப்போது சாப்பிடப் போயிருக்கக்கூடும். எதிரே ஆளே இல்லாமல் பாதி அதிர்ச்சி, பாதி கோபம், ஓரத்தில் கொஞ்சம் பாசம் என்று முகத்தில் கொண்டுவர வேண்டும். எனக்கு இந்தக் கலையில் நல்ல தேர்ச்சி உண்டு. அம்மாவுக்கும் மனைவிக்கும் சாம்பாரில் புளி பற்றிக் கருத்து வேறுபாடு வரும்போது, நான் நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் தனித்தனியாக ஆதரவு தரும் ஒரே ரியாக்‌ஷனைக் கொடுப்பேன். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அந்தப் பக்கத்துக்குச் சாதகமாகத் தெரிய வேண்டும். சின்னத்திரை இன்னும் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரே வீட்டுக்குள் பங்கு பிரித்ததில் கெட்டிக்காரத்தனம் என்றால் விஜய் டிவியின் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்'. 2018-இல் தொடங்கி ஐந்து வருஷம். நான்கு அண்ணன் தம்பிகள், ஒரு மளிகைக் கடை. பிரிந்து போவதில்லை என்பதுதான் கதையே. அதனால் மகளைக் கட்டிக்கொடுத்துப் புது வீடு திறக்கும் வசதி கிடையாது. என்ன செய்தார்கள் என்றால், கெட்ட பெயரை முறைபோட்டுப் பகிர்ந்துகொண்டார்கள். பணக்கார வீட்டு மீனா முதலில் வீறாப்போடு வந்தாள். அவளை யாருக்கும் பிடிக்கவில்லை. மெல்ல மெல்லத் திருந்தி, நமக்கெல்லாம் பிடித்தவளாகிவிட்டாள். வீட்டில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டால் சீரியலை மூட வேண்டியதுதானே? அப்போது கடைசித் தம்பி கண்ணனும் அவன் மனைவி ஐஸ்வர்யாவும் கடனை வாங்கி ஊதாரித்தனம் பண்ணி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். வில்லத்தனம் ஒரே ஆளின் தலையில் விழாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றி வந்ததால், யாரும் நிரந்தர வில்லனாக நிற்க வேண்டி வரவில்லை.

இதில் மூத்த அண்ணி தனமாக நடித்த சுஜிதா, இதன் தெலுங்குப் பதிப்பான 'வதினம்மா'விலும் அதே அண்ணி. இரண்டு மொழியில் இரண்டு கூட்டுக் குடும்பம், இரண்டிலும் கொழுந்தன்மார்களை வளர்த்து ஆளாக்கும் வேலை. எனக்கு ஒரு மொழியில் ஒரு மச்சினன். தீபாவளிக்கு அவனுக்கு போன் செய்ய மறந்துவிட்டு, பொங்கல் வரை மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஐஸ்வர்யா பாத்திரத்தில் ஆள் மாறியது ஒரு தடவை அல்ல. பெரிய குடும்ப சீரியலைத் தாங்கி நிற்கும் மகத்தான கண்டுபிடிப்பு, திரையின் கீழே ஓடும் அந்த 'இவருக்குப் பதில் இவர்'. நேற்றுவரை ஒரு முகம், இன்றைக்கு வேறு முகம். புருஷன் துளிகூடத் திகைக்காமல், "ஏன் ஒரு மாதிரியா இருக்கே?" என்று கேட்பான். ஒரு மாதிரியாக அல்ல, வேறு மாதிரியாகவே இருக்கிறாள் என்பது நமக்குத்தான் தெரியும். நான் மீசையை எடுத்துவிட்டு ஹாலுக்கு வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. எனக்குப் பதில் இன்னொருவர் வந்து அந்தப் பேப்பரை விரித்து உட்கார்ந்தாலும், காபி அவருக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன். 'இவருக்குப் பதில் இவர்' கார்டு கூடத் தேவைப்படாது.

2023-இல் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முதல் பாகம் முடிந்த கையோடு இரண்டாம் பாகம் வந்தது. முதலில் மூத்த அண்ணனாக நடித்த ஸ்டாலின் இதில் மூன்று மகன்களுக்கு அப்பா. நிரோஷா அம்மா. மீனாவாக நடித்த ஹேமா இதிலும் மீனாதான். ஆனால் தம்பி மனைவியாக இருந்தவள், இப்போது அதே மனிதருக்கு மருமகள். அம்மாவால் முதல் மாதம் இதை ஜீரணிக்கவே முடியவில்லை.

"என்னடா இது, தம்பி பொண்டாட்டி எப்படிடா மருமகளாவா?"

"அது வேற கதைம்மா."

"கடை அதேதானே? பேரும் அதேதானே?"

கடை ஒன்றுதான், குடும்பம் வேறு என்பதை நான் தாளில் வரைபடம் போட்டு விளக்கினேன். சீரியலே பார்க்காத ஒருவன் இவ்வளவு துல்லியமாக வரைந்ததை மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பங்கீடு என்பதே இல்லாமல் ஒரு சீரியல் ஜெயித்ததும் உண்டு. திருச்செல்வம் இயக்கி 2022-இல் சன் டிவியில் தொடங்கிய 'எதிர்நீச்சல்'. இவர் 'கோலங்கள்' எடுத்து 1500 எபிசோடுக்கு மேல் ஓட்டியவர். ஆள் பஞ்சம், கதைப் பஞ்சம் எல்லாம் பார்த்த கை. இங்கேயும் நான்கு அண்ணன் தம்பிகள், நான்கு மருமகள்கள். ஆனால் ஆதி குணசேகரன் என்கிற மூத்தவரின் குரல் ஒன்றே வீடு முழுக்க நிறைந்திருந்தது. மாரிமுத்து அந்தப் பாத்திரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்தே "இந்தாம்மா, ஏய்!" என்று அதட்டினால், எங்கள் வீட்டில் அம்மாகூடக் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஹாலில் அந்த ஒரு குரல். அதற்கு எதிர்ப்பாட்டு முழுக்கச் சமையலறையில். ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நால்வரும் அடுப்பங்கரையில் நின்று முணுமுணுத்தும், சிரித்தும், கொதித்தும் பேசிய பேச்சுதான் அந்த சீரியலின் உயிர். நான்கு பெண்களுக்கும் தனித்தனியாக ட்ராக் பிரித்துக் கொடுக்காமல், ஒரே மனிதரை நான்கு விதமாகத் தாங்குகிறவர்களாக வைத்ததில் நான்கு பேரும் தனித்தனியாக மனதில் நின்றார்கள். இதைவிட நல்ல யோசனையை நான் எந்த சீரியலிலும் பார்க்கவில்லை. படிக்கவில்லை என்று சொல்ல வேண்டும்; பேப்பரைத்தானே படித்துக்கொண்டிருந்தேன்.

2023 செப்டம்பரில் அந்த சீரியலுக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்திலேயே மாரிமுத்துவுக்கு நெஞ்சுவலி வந்து, அன்றே காலமானார். அன்று எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை. பிறகு வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்துக்கு வந்தார். அவர் எழுத்தாளர், கம்பீரமான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐஸ்வர்யாக்களை மாற்றிய மாதிரி குணசேகரனை மாற்ற முடியவில்லை. பங்கிட்டுக் கட்டிய வீட்டில் ஒரு செங்கல்லை உருவினால் பூசிவிடலாம். ஒரு ஆளின் தோளில் நின்ற வீட்டுக்கு அந்த வசதி கிடையாது. 2024-இல் முதல் பாகம் முடிந்தது.

ஆள் பிரச்னைக்கு ராதிகா ஒரு தீர்வு கண்டார். 'வாணி ராணி'யில் வாணியும் அவரே, ராணியும் அவரே. 2013 முதல் 2018 வரை 1700 எபிசோடுக்கு மேல். இரண்டு கதாநாயகிகளுக்குள் யாருக்கு அதிக சீன் என்ற தகராறு வர வழியே இல்லை. என்னை இரட்டை வேடத்தில் போட்டால் இரண்டு பேரும் சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் 2020-தான். ஊரடங்கைத் தளர்த்தியபோது, அதிகபட்சம் 20 பேரோடு சீரியல் ஷூட்டிங் நடத்தலாம் என்றது தமிழக அரசு. அந்த 20 பேரில் கேமராமேன், லைட்மேன், மேக்கப், சவுண்ட், டைரக்டர், உதவி டைரக்டர், சாப்பாடு போடுகிறவர் எல்லாரும் அடக்கம். இத்தனை பேர் போக மீதி இருப்பவர்களை வைத்துக் கூட்டுக் குடும்பம் காட்ட வேண்டுமாம்! சங்கத்துக்காரர்கள் கெஞ்சிக் கூத்தாடி அதை 60 ஆக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான், குடும்ப சீரியல் என்பது குடும்பத்தைவிட அதைச் சுற்றி நிற்பவர்களின் சமாச்சாரம் என்று எனக்கு உறைத்தது. அப்போது எங்கள் வீட்டில் நான்கு பேரும் நாள் முழுக்க ஒன்றாக இருந்தோம். லைட்மேன் இல்லை, டைரக்டர் இல்லை, எடுத்த சண்டையை எடிட் பண்ணவும் ஆளில்லை. எல்லாம் நேரடி ஒளிபரப்பு.

இருக்கிற ஆட்களையே சமாளிக்க முடியாதவன் எவனும் இன்னொரு வீட்டு ஆட்களையும் கூட்டிவைத்துக்கொள்ள மாட்டான். சேனல்காரர்கள் அதையும் செய்கிறார்கள். அதற்கு மகா சங்கமம் என்று பெயர். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' குடும்பமும் 'பாக்கியலட்சுமி' குடும்பமும் அப்படி ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன. ஒரு கதையின் மாமியார் இன்னொரு கதையின் மருமகளுக்கு அறிவுரை சொல்வார். ஹாலில் முகங்கள் இரட்டிப்பு. ஒரு சுற்று ரியாக்‌ஷன் முடிவதற்குள் விளம்பரம் வந்துவிடும். இதன் கணக்கு வேறு. இந்த சீரியல் பார்ப்பவர்களை அந்த சீரியலுக்கும் இழுப்பது. எங்கள் வீட்டில் அது நன்றாகவே வேலை செய்தது. அம்மாவும் மனைவியும் ஆளுக்கொரு சீரியல் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், இருவரும் இரண்டையும் பார்க்கத் தொடங்கினார்கள். என் கிரிக்கெட் ஹைலைட்ஸுக்கு இருந்த கடைசி அரை மணி நேரமும் சங்கமத்தில் கலந்துவிட்டது.

மகள் இதையெல்லாம் பழங்கதை என்பாள். அவள் செல்போனில் பார்ப்பது 'சிறகடிக்க ஆசை'. 2023-இல் தொடங்கியது. மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், விஜயா என்றொரு மாமியார். அதில் ரோகிணி என்கிற மருமகளுக்கு ஒரு ரகசியம். ஏற்கெனவே கல்யாணம் ஆனவள். கிரிஷ் என்று ஒரு பிள்ளை. உண்மைப் பெயர்கூடக் கல்யாணி. இதை வருஷக்கணக்காக இழுத்தார்கள். "ஒருத்தருக்குமா தெரியலை? அவ்வளவு மக்கா?" என்று நான் சலித்துக்கொண்டபோது மகள் விளக்கினாள்.

"அப்பா, யாருக்கு எவ்வளவு தெரியும்கிறதுதான் கதை. அவ ஃப்ரெண்ட் வித்யாவுக்கு முழுசாத் தெரியும். மாமியாருக்கு ஒண்ணுமே தெரியாது. மத்தவங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம். இதுல எந்த ரெண்டு பேரை ஒரு ரூம்ல விட்டாலும் ஒரு சீன் வந்துரும்."

யோசித்துப் பார்த்தேன். அசந்துவிட்டேன். இருபது பேருக்கு இருபது கதை எழுதத் தேவையில்லை. ஒரே ரகசியத்தை எழுதிவிட்டு, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாரம் அது தெரிய வருவதாக வைத்தால் போதும். தெரிய வருகிற வாரம் அவர் வாரம். உப்பு குறையாமல் வருஷங்கள் ஓடும். பெரிய கூட்டத்தை நடத்துவதற்குச் சீரியல் உலகம் கண்டுபிடித்த வழிகளில் மிக மலிவானது இதுதான், மிக உறுதியானதும் இதுதான் என்பது என் தீர்ப்பு. எங்கள் வீட்டில் இந்த வசதியும் இல்லை. போனஸ் எவ்வளவு வந்தது என்று நான் காத்த ஒரே ரகசியம், எனக்குக் குறுஞ்செய்தி வருவதற்கு முன்பே மனைவிக்குத் தெரிந்திருந்தது.

இத்தனையும் படித்த பிறகு எனக்கும் ஒரு ட்ராக் வேண்டும் என்று ஆசை வந்தது இயற்கைதானே? சின்னதாக, ஒரு வாரம் ஓடுகிற மாதிரி. முழங்கால் வலியைத் தேர்ந்தெடுத்தேன். உண்மையிலேயே கொஞ்சம் வலித்தது. ஹாலில் எல்லாரும் இருக்கும்போது, எழுந்திருப்பதற்கு முன் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்ஸ்..." என்றேன்.

"விளம்பரம் வரட்டுங்க" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளம்பரம் வந்தது. "ம், என்னங்க?"

"முழங்கால்..."

"நேத்தே சொன்னேனே, அந்த எண்ணெயைத் தேய்ச்சுக்கோங்கன்னு." அம்மா திரும்பிப் பார்த்தாள். "உங்கப்பாவுக்கும் இப்படித்தான்டா இருந்தது" என்று சொல்லி, என் ட்ராக்கை ஃபிளாஷ்பேக்காக மாற்றி, அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். மகள் ஹெட்போனைக் கழற்றி, "என்னாச்சு?" என்றாள். அதற்குள் விளம்பரம் முடிந்தது. ஒரு விளம்பர இடைவேளைக்குள் தொடங்கி, வளர்ந்து, முடிந்துபோன ட்ராக் தமிழ்ச் சின்னத்திரையில்கூட இருக்காது. வியாழக்கிழமை வரை காத்திருக்கவும் இல்லை.

அதன்பிறகுதான் சீரியல் வீடுகளில் ஓரமாக இருக்கும் ஆண்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். பங்கீடு பங்கீடு என்று இவ்வளவு நேரம் புகழ்ந்தேனே, ஓர் அநியாயத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. மருமகள்களுக்கு முறை வருகிறது. மாமியாருக்கு வருகிறது. வேலைக்காரப் பெண்ணுக்குக்கூட ஒரு காதல் ட்ராக் வந்துவிடும். குழந்தைகள் பிறக்கிற வாரம் வரை பெரிய ஆட்கள். பிறந்தபின் தொட்டிலோடு மாடிக்குப் போய், பல மாதம் கழித்து எல்.கே.ஜி. சீருடையில் ஒரு நாள் இறங்கி வருவார்கள், அவர்களுக்காவது வளர்கிற வேலை இருக்கிறது. ஆனால் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அந்த மாமனார், சித்தப்பா, பெரியப்பா வகையறாக்கள்? கையில் டம்ளர், முகத்தில் கவலை. ஹால் சீனில் ஏழாவது க்ளோசப். மூன்று வருஷமாக அவர் பேசிய வசனங்களைத் தொகுத்தால், "என்னம்மா நடக்குது இங்க?" என்பதும், "விடும்மா, சின்னஞ்சிறுசுங்க" என்பதும்தான் மிஞ்சும். அவருக்கு உத்தியோகம் என்ன, பென்ஷன் வருகிறதா, இளம் வயதில் யாரையாவது காதலித்தாரா, எதுவும் தெரியாது. கதையில் மரணம் தேவைப்பட்டால் மட்டும் முதல் ஆளாக அவர் நினைவு வரும்.

சீரியலுக்குக் கதை, வசனம் எழுதும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. அவரைக் கொல்ல வேண்டாம். காணாமல் போன அண்ணனாகவோ, ஆள்மாறாட்டம் செய்த தொழிலதிபராகவோ ஆக்க வேண்டாம். இரட்டை வேடமும் கேட்கவில்லை. மாதம் ஒரு முறை, ஒரு முழு சீன். வீட்டில் அத்தனை பேரும் நிற்க, அவர் ஏதோ ஒன்று சொல்ல, கேமரா ஒவ்வொரு முகமாகப் போய், கடைசியில் அவரிடம் வர வேண்டும். அந்த வாரம் டிஆர்பி குறைந்தால் அதற்கு நான் பொறுப்பு. எங்கள் வீட்டு டிவியை அந்த அரை மணி நேரமும் யாரும் மாற்றாமல் பார்த்துக்கொள்கிறேன். ரிமோட் என்னிடம் இல்லை, ஆனாலும் முயற்சி செய்கிறேன்.